காற்றால் குளிரும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வெப்பமாற்றி வாங்குவது எப்படி? புதுச்சேரி, கடலூர் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போர்ஷே 356, 911, 912, 914, அவற்றின் நெருங்கிய உறவான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். ஆனாலும் வண்டியின் அடியில் தொங்கும் வெப்பமாற்றியைப் பற்றி, அதாவது பட்டறையில் ஹீட்டர் பாக்ஸ் என்று சொல்வதைப் பற்றி, எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக ஒரு 1973 மாடல் 911 டி வண்டியைப் பராமரித்து வருகிறேன். எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதன் அடியில் படுத்துக் கற்றது.

வெப்பமாற்றி என்ன வேலை செய்கிறது?

இந்த வண்டிகளில் ரேடியேட்டரும் இல்லை, வெந்நீரும் இல்லை. மற்ற கார்களில் ஹீட்டருக்குச் சூடு தருவது எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீர். இவற்றில் அந்தச் சூட்டைப் புகைக்குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்குழாய்களைச் சுற்றி ஒரு தகட்டு உறை இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் மின்விசிறியே கொஞ்சம் காற்றை அந்த உறைக்குள்ளும் தள்ளுகிறது. சூடான குழாய்களைத் தழுவிச் செல்லும் காற்று, கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தின் வழியாக முன்னே போய்க் கால்மாட்டிலும் கண்ணாடியிலும் வெளிவருகிறது. ஹீட்டர் தேவையில்லாதபோது, உறையின் வாயில் இருக்கும் மடல் பெட்டி அந்தக் காற்றைத் தரைப்பக்கம் வெளியே விட்டுவிடுகிறது.

ஆக, உள்ளே ஓடுவது நச்சுப்புகை. வெளியே ஓடுவது நாம் சுவாசிக்கப்போகும் காற்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய குழாய்ச் சுவர். வெப்பமாற்றியைப் பற்றிய எந்த முடிவையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மே மாதம் அனல் அடிக்கும் ஊரில் ஹீட்டர் எதற்கு? கழற்றிவிடலாமா?

நியாயமான கேள்வி. என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவதும் இதுதான். கழற்றலாம். ஆனால் கழற்றினால் போதாது.

உறையில்லாத வெறும் குழாய்களைப் பொருத்தினால், மின்விசிறியின் உறையிலிருந்து ஹீட்டருக்குப் பிரியும் வாயை அடைத்தே ஆக வேண்டும். அடைக்காமல் விட்டால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பகுதி அந்த ஓட்டை வழியாக வீணாகிவிடும். காற்று ஒன்றையே நம்பியிருக்கும் எஞ்சினுக்கு நம் கோடையில் அது கொடுமை. சரியாக அடைத்துவிட்டால் முழுக் காற்றும் சிலிண்டர்களுக்குக் கிடைக்கும். பந்தய வண்டிகளில் செய்வது இதைத்தான். பீட்டிலிலும் இதே முறை பொருந்தும்.

இழப்பு என்ன? முதலாவது, கண்ணாடியில் படியும் பனிமூட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரம் ஓட்டிப் பாருங்கள். உள்ளே இரண்டு பேர் விடும் மூச்சே கண்ணாடியை மறைத்துவிடும். ஏசி இல்லாத பழைய 911இல் அதைத் துடைக்கக் கைத்துணியும் இந்தச் சூடான காற்றும்தான் உண்டு. இரண்டாவது, ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலையூர்களின் மார்கழிக் காலை. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் அவற்றின் ரப்பர் வளையங்களுக்கும் நெருப்பாய்க் காயும் புகைக்குழாய்க்கும் நடுவே அந்த உறை ஒரு திரை. திரை போனால் வளையங்கள் சீக்கிரம் கருகும்.

என் கருத்து: வண்டி ஊருக்குள்ளேயே ஓடும், மழையில் எடுக்கவே மாட்டீர்கள் என்றால் வெறும் குழாயே போதும். ஓட்டை விழுந்த வெப்பமாற்றியைவிட நல்ல வெறும் குழாய் ஆயிரம் மடங்கு மேல். நெடுந்தூரம் போகிறவர் என்றால் நல்ல வெப்பமாற்றியாக வாங்குங்கள்.

ஓட்டை விழுந்தால் அவ்வளவு ஆபத்தா?

ஆம். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம். ஓட்டுகிறவர் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துவிடுவார்.

எனக்கும் நடந்தது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, பக்கத்துக்கு ஒன்றாக, பழைய வெப்பமாற்றி ஜோடி ஒன்றை வரவழைத்தேன். கருப்பு வண்ணம் பூசிப் புதிதுபோல இருந்தது. கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் போய், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். மேலே குளிர் தொடங்கியதும் ஹீட்டர் லிவரை இழுத்தேன். பின்னிருக்கையில் இருந்த தங்கை மகன், "மாமா, தலை வலிக்கிறது" என்றான். மலைப்பாதை மயக்கம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கும் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டு, லிவரை மூடி, கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது வண்ணத்தின் அடியில் உலோகப் பசை அடைத்த இரண்டு இடங்கள் தெரிந்தன. உறையைப் பிரித்ததும் குழாயில் மிளகளவு ஓட்டைகள் ஐந்து. அன்று முதல், சோதிக்காத வெப்பமாற்றியைக் காரோடு இணைப்பதில்லை.

வீடுகளில் வைக்கும் பேட்டரி கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி இருக்கையருகே வையுங்கள். அது கத்தினால் காரணம் தேடிக்கொண்டிராமல் முதலில் கீழே இறங்குங்கள்.

என் வண்டியின் ஆண்டுக்கு எது பொருந்தும்?

911ஐப் பொறுத்தவரை 1975 மாடல் ஒரு பிரிகோடு. 1974 வரை வந்தவற்றில் ஒவ்வொரு பக்கத்து மூன்று குழாய்களும் அளவு ஒத்து வந்து ஒன்றாகச் சேரும். சைலன்சருக்கு இரண்டு வாய்கள். 1975 முதல் 1989 வரை, 911இன் 2.7, எஸ்சி, கரேரா 3.2 வகைகள் எல்லாவற்றிலும், ஒரு பக்கப் புகை குறுக்குக் குழாய் வழியாக மறுபக்கம் வந்து சேர்ந்து ஒரே வாயாகப் போகும். இந்த ஏற்பாட்டில் எஞ்சின் சற்றுத் திணறுகிறது என்பதால்தான் எஸ்சி வைத்திருப்பவர்கள் பலர் பழைய பாணி வெப்பமாற்றிக்குத் திரும்புகிறார்கள்.

திரும்புவது என்றால் ஜோடியை மட்டும் வாங்கி மாட்டிவிட முடியாது. இரண்டு வாய்ச் சைலன்சரும் வாங்க வேண்டும். எண்ணெய்க் குழாயின் பாதையை மாற்ற வேண்டும். ஹீட்டர் காற்றுக் குழாய்களையும் மாற்றி அமைக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் வெப்பமாற்றியை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, மாதக்கணக்கில் வண்டியை முட்டுக்கட்டையின் மேல் நிறுத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

914க்கும் 356க்கும் பீட்டிலுக்கும் தனித்தனி வடிவங்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றில் ஒட்டும் வேலையில் இறங்க வேண்டாம்.

இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

கடலோரத்தில் இருக்கிறோம் என்பதே விடை: ஸ்டெயின்லெஸ். ஆனால் எதனால் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வெப்பமாற்றி இரண்டு பக்கமிருந்தும் அரிக்கப்படுகிறது. வெளியே உப்புக்காற்று. உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து நேரு வீதிக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் ஓட்டத்தில் குழாய் முழுதாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு, குழாயின் தாழ்ந்த வளைவில் தேங்கும். அடுத்த ஞாயிறு வரை அங்கேயே கிடக்கும். இரும்புக் குழாய் அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டையாகும். ஓடி ஓடித் தேய்ந்த வெப்பமாற்றியைவிட நின்று நின்று இற்றுப்போனவற்றையே நம் ஊரில் அதிகம் பார்க்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. 304 வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். 409 வகையில் குரோமியம் 11 விழுக்காடு அளவில்தான். காந்தம் நன்றாக ஒட்டும், மேலே பழுப்பேறும். வெறும் இரும்பைவிட அது மேல்தான், ஆனால் கடற்கரைக்கு 304ஐத்தான் சொல்வேன். 321 வகையில் டைட்டானியம் சேர்ப்பதால் கடும் சூட்டிலும் வெல்டிங் ஓரங்கள் அரிக்காமல் தாங்கும். கிடைத்தால் குழாய்க்கு அதுவே சிறந்தது.

ஸ்டெயின்லெஸுக்கும் குறை உண்டு. சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும். அதனால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடலாம். உப்பு படிந்த இடத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகளும் விழும். துருவே வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

911க்கு வெளிநாடுகளில் எஸ்எஸ்ஐ என்ற பெயரில் வந்த ஸ்டெயின்லெஸ் ஜோடிகள் பெயர்பெற்றவை. டான்ஸ்க் நிறுவனத்தின் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. ஒரே வடிவம் இரும்பிலும் ஸ்டெயின்லெஸிலும் வருவதால் ஆர்டர் செய்யும்போது எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் சூட்டைக் குறைவாகக் கடத்துமாமே, ஹீட்டர் வேலை செய்யுமா?

இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கடத்தும். ஆனால் குழாய்ச் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சூடு தயங்கி நிற்பது புகைக்கும் சுவருக்கும் இடையிலும், சுவருக்கும் காற்றுக்கும் இடையிலும்தான்; உலோகத்துக்குள் அல்ல. வித்தியாசத்தை நீங்கள் உணரமாட்டீர்கள்.

தட்டாஞ்சாவடியிலோ கடலூரிலோ ஒரு பட்டறையில் செய்துகொள்ள முடியாதா?

முடியும். நம் ஊர்களில் ஓட்டல் பாத்திரம், பால் தொட்டி செய்யும் ஸ்டெயின்லெஸ் பட்டறைகளில் கைத்திறன் மிகுந்த ஆர்கான் வெல்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான்கு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள்.

தகட்டின் வகை பில்லில் இருக்க வேண்டும். வாசல் கேட்டுக்கும் மாடிக் கைப்பிடிக்கும் விற்கும் 202 வகை வேண்டாம். நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவு வகை அது. கடற்கரையோர வீடுகளின் மாடிக் கைப்பிடிகள் பழுப்புப் புள்ளிகளோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காந்த சோதனையில் 202ம் 304 போலவே நடிக்கும் என்பதால் பில் முக்கியம்.

வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். இல்லையென்றால் வெளியே மீன்செதில் அடுக்கியதுபோல அழகாக இருக்கும் வெல்டிங்கின் உட்புறம் கருகி, அடிப்பிடித்த வெல்லப்பாகு போலப் பொருபொருவென்று நிற்கும். விரலை விட்டுத் தடவினால் தெரியும். விரிசல் தொடங்குவது அங்கிருந்துதான். இரண்டு முனைகளையும் காகித நாடாவால் ஒட்டி, சிறு துளையில் வாயுக் குழாயைச் செருகினால் போதும். பத்து நிமிட வேலையைச் சோம்பலால் விடுகிறார்கள்.

உறைக்கு ஜிஐ தகடு வேண்டவே வேண்டாம். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகும். அதைத் தொட்டு வெல்டிங் செய்தால் வரும் வெண்புகை வெல்டருக்குக் காய்ச்சல் தரும். உருகிய துத்தநாகம் ஸ்டெயின்லெஸ் குழாயில் இறங்கி அதை நொறுங்க வைக்கும். சுவாசிக்கும் காற்று அதைத் தழுவித்தான் வரப்போகிறது என்பதையும் நினையுங்கள்.

கடைசியாக, எஞ்சினோடு சேரும் மூன்று முகத்தகடுகளையும் கனமான இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே வெல்டிங் செய்ய வேண்டும். முழுதாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்த குழாய் எந்த எஞ்சினிலும் சரியாக உட்காராது.

பழைய ஜோடியை வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

முதலில் வண்ணத்தைச் சுரண்டுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

விரல் முட்டியால் உறையைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். இற்றுப்போனது சொதசொதவென்று அடங்கும். குலுக்கினால் உள்ளே மணல் உருள்வதுபோலச் சத்தம் கேட்டால் அது துருச் செதில்.

இருட்டறையில் குழாய்க்குள் சிறு எல்இடி விளக்கைக் கம்பியில் கட்டி இறக்கி, உறையின் காற்று வாய் வழியாகப் பாருங்கள். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் முடிந்தது. தெரியாவிட்டாலும் அடுத்த சோதனையை விடாதீர்கள்: குழாயின் எல்லா வாய்களையும் சைக்கிள் டியூப் ரப்பராலும் தகட்டாலும் அடைத்து, ஒரு வாயில் மிகக் குறைந்த அழுத்தக் காற்றைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். உறைக்குள் தங்கியிருந்த காற்று முதலில் குமிழியிட்டு அடங்கும். பொறுமையாக இருங்கள். அதற்குப் பிறகும் விடாமல் ஒரே இடத்திலிருந்து குமிழி வந்தால் குழாய் ஓட்டை. என் ஜோடியை வீட்டுத் துணி துவைக்கும் தொட்டியில்தான் சோதித்தேன். ஓட்டை இருந்த இடத்திலிருந்து குமிழிகள் ஜவ்வரிசி மணிபோல வரிசையாக எழுந்தன.

பிறகு முகத்தகடுகள். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் மூன்றையும் கவிழ்த்து வைத்து, இடையில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் சமப்படுத்தலாம். அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெரிய குழாய் போட்டால் வேகம் கூடுமா?

பழைய 911க்கு 38 மில்லிமீட்டர் குழாய் இயல்பான அளவு. எஞ்சினை மாற்றி அமைக்காமல் குழாயை மட்டும் அகலமாக்கினால் குறைந்த வேகத்தில் இழுவை குறையும். மிஷன் வீதி நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது தண்டனை.

குழாய்க்கு வெப்ப நாடா சுற்றலாமா?

வறண்ட ஊரில் சுற்றட்டும். இங்கே வேண்டாம். மழைநீரையும் உப்பையும் ஈரத்துணிபோலப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயை அடியிலிருந்து தின்றுவிடும்.

ஹீட்டர் போட்டால் எண்ணெய் கருகும் நாற்றம் வருகிறது. வெப்பமாற்றி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 911இல் எண்ணெய் திரும்பி வரும் குழாய்கள் வெப்பமாற்றிக்கு நேர் மேலே இருக்கின்றன. அவற்றின் ரப்பர் வளையங்களோ வால்வு மூடியின் கேஸ்கெட்டோ கசிந்தால், எண்ணெய் சூடான உறையில் சொட்டிப் புகையும். எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புகள் கிழிந்திருந்தால் அந்தப் புகையை மின்விசிறி இழுத்து நேராக உங்களிடமே அனுப்பிவிடும். வெப்பமாற்றியைக் கழற்றும்போதே வளையங்களையும் மாற்றிவிடுங்கள். அதற்காகவே இன்னொரு முறை கழற்றுவது பெரும்பாடு.

ஒன்று மட்டும்: எண்ணெய் நாற்றம்தான் என்று அடையாளம் தெரிந்துவிட்டதால் நச்சுப்புகை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

லிவரை மூடினாலும் காலில் சூடு அடிக்கிறதே?

மடல் பெட்டியின் அச்சு துருவேறி இறுகியிருக்கும், அல்லது கேபிள் சிக்கியிருக்கும். பெட்டியைச் சரிசெய்யும் வரை, காருக்குள் போகும் காற்றுக் குழாயை மட்டும் கழற்றி, காரின் பக்கத்து வாயை மூடிவையுங்கள். பெட்டியின் வெளிவாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். உறைக்குள் வரும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் சூடு முழுவதும் எஞ்சின் அடியிலேயே தேங்கும்.

பொருத்தும்போது எதில் கவனம்?

கழற்றுவதில்தான் முதல் கவனம். 911இல் ஆறு சிலிண்டருக்கு இரண்டு வீதம் 12 ஸ்டட்டுகள், அதாவது குழாயை எஞ்சினோடு பிணைக்கும் திருகுத் தண்டுகள். ஐம்பது ஆண்டுத் துருவோடு இருக்கும் ஸ்டட்டை நீளப் பிடி போட்டு முறுக்கினால் உடைந்து சிலிண்டர் தலைக்குள் நின்றுவிடும். துருநீக்கும் எண்ணெயை நான்கைந்து நாள் காலையும் மாலையும் விடுங்கள். பிறகு நட்டை மட்டும் சூடாக்கி ஆறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று அசைத்து எடுங்கள். எரிவாயு டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன் எண்ணெயையெல்லாம் துடைத்துவிட்டு, அருகில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது புதிய கேஸ்கெட், புதிய நட்டு, திருகில் நிக்கல் கலந்த ஒட்டாப் பசை. எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் மாட்டி, சைலன்சரையும் பொருத்தி, எதுவும் எதையும் இழுக்காமல் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். சைலன்சர் நட்டைப் போட ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டியிருந்தால் வரிசை தப்பிவிட்டது என்று பொருள். இரண்டு மூன்று நெடும் ஓட்டங்களுக்குப் பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பழம்பெரும் வண்டிகளுக்கான விஏ எண் வாங்க நினைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் போட்டால் சிக்கலா?

2021இல் வந்த மத்திய விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு விஏ வரிசை எண் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் கூடாது என்பது நிபந்தனை. அதனால் அந்த ஆண்டு மாடலுக்குரிய வடிவிலேயே ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கழற்றிய பழைய ஜோடியை எறிந்துவிடாமல், எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள்.

வாங்கிய பிறகு அது நீடிக்க என்ன செய்வது?

வாரத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் சேர்ப்பதைத் தவிர அதில் வேறு பலனே இல்லை. எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நான் திண்டிவனம் சாலையில் போய் வருகிறேன். மரக்காணம் பக்கம் சாலை அழகுதான், ஆனால் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்று அடிப்பகுதி முழுவதும் படிகிறது.

அப்படிப் போய் வந்தால், வண்டி ஆறிய பிறகு அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரையோரத் தெருக்களின் ஆழ்துளைக் கிணற்றுநீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கிறது. அதைப் பீய்ச்சினால் உப்பின்மேல் உப்பு ஏற்றுவதாகும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். கழுவியதும் பத்து கிலோமீட்டராவது ஓட்டி உலர்த்துங்கள்.

புயல் காலத்தில் வண்டியை உயரமான இடத்தில் நிறுத்துங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெப்பமாற்றி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், வடிந்ததும் எஞ்சினை முடுக்காதீர்கள். சைலன்சரைக் கழற்றித் தேங்கிய நீரை வடித்து, உறைக்குள் புகுந்த சேற்றை நல்ல தண்ணீரால் அலசி, காற்றடித்து உலர்த்துங்கள். மடல் பெட்டிகளின் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் அசைத்துப் பார்த்து, அதன் பிறகு சாவியைப் போடுங்கள்.